வாவிக்கரை அரங்குகள் – 11: கடல் கடந்த தவமணி

சென்ற இதழில் கூத்துக் களரியில் பெண் வேடம் கட்டியவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வந்தாறுமூலையானாலும் கன்னன்குடாவானாலும் முனைக்காடானாலும் வடமோடியில் திரௌபதையாக வந்தவரும் ஆண்தான், தென்மோடியில் அல்லியாக வந்தவரும் ஆண்தான். மீசையை வழித்து, சலங்கை கட்டி, அண்ணாவியாரின் மத்தளத்துக்கு வரவு ஆடி அவர்கள் வந்தபோது உடுத்தியிருந்த சேலை பெரும்பாலும் வீட்டிலிருந்து இரவல் வாங்கியது. அக்காவின் கூறைச் சேலை, மாமியின் அட்டியல், யாரோ ஒரு குமரின் காப்பு. பெண்ணின் சேலை களரிக்குப் போகும், நகை போகும். பெண் மட்டும் வட்டக்களரிக்கு வெளியே பாயில் இருந்து விடியவிடியப் பார்ப்பாள்.

இது இந்த மண்ணில் நடந்ததுதான் எனக்கு வியப்பு. மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வருகிறது. வீடும் வளவும் பெண் பிள்ளைக்குப் போகின்றன. கலியாணம் கட்டிய மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். வைகாசி பிறந்தால் ஊருக்கு ஊர் கண்ணகிக்குக் குளிர்த்தி. தமிழ்நாட்டில் கோயில் அருகிப்போன அந்தத் தெய்வத்தை வாவியின் இரு கரையிலும் இன்றுவரை ஆளவிட்டவர்கள் நாம். இவ்வளவும் கொடுத்த சமூகம் பெண்ணுக்குக் களரியைக் கொடுக்கவில்லை. காணி கொடுக்கலாம், குலப்பெயர் கொடுக்கலாம், ஊரார் கண்முன் ஆடும் உரிமை மட்டும் ஆகாது. ஆட்டத்தைவிட, ஆடுகிறவளை ஊர் எப்படிப் பார்க்கும் என்ற பயமே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் நடிக்க விரும்பிய ஒரு பெண் 1930களில் இந்தத் தீவில் என்ன செய்திருப்பாள்? கொழும்புக்குத் தமிழ்நாட்டு நாடகக் கம்பனிகள் வந்துபோயின. கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் முதலில் சேர்ந்து நடித்ததே 1920களின் நடுவில் கொழும்பு மேடையில்தான். ஆனால் அவர்கள் வந்தவர்கள், ஆடிப் பாடிவிட்டுப் போனவர்கள். உள்ளூர்த் தமிழ்ப் பெண்ணுக்கு ஒரு மேடை இருக்கவில்லை. தமிழ்ப்படம் என்று ஒன்று இலங்கையில் எடுக்கப்பட 1960கள் வரவேண்டியிருந்தது. ஆகவே கடல் கடக்க வேண்டும். தலைமன்னாரிலிருந்து கப்பலில் தனுஷ்கோடி, அங்கிருந்து போட் மெயிலில் எழும்பூர். 1914-இல் தொடங்கிய அந்தப் பாதையில் வியாபாரிகள் போனார்கள், தோட்டத் தொழிலாளர்கள் வந்தார்கள், படிக்கிற பிள்ளைகள் போனார்கள். நடிகை தவமணி தேவியும் அந்தக் காலத்தில்தான் சென்னைக்குப் போனார்.

அவர் மட்டக்களப்பார் அல்லர். யாழ்ப்பாணத்து இணுவிலில் பிறந்தவர். வாவிக்கரையைப் பற்றிய தொடரில் அவருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நம் களரியில் இல்லாமல் போன பெண் எங்கே போனாள் என்று தேடினால், வழி வடக்கே போய்த்தான் கடலில் இறங்குகிறது. அதுவுமல்லாமல், இணுவில் சும்மா ஊர் அல்ல. தஞ்சைப் பக்கமிருந்து வந்து குடியேறிய நாதஸ்வர, தவில் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாசித்த ஊர். தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் ஊர். அவர் பின்னாளில் தமிழ்நாட்டுக்குப் போய் வாசித்தபோது அங்கிருந்த பெரிய வித்துவான்களே தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். இசை காதில் விழுந்துகொண்டே இருக்கும் ஊரில் பிறந்த பெண் பாட்டும் ஆட்டமும் பயின்றதில் ஆச்சரியமில்லை. அவற்றைப் பிழைப்பாக்கத் துணிந்ததுதான் ஆச்சரியம். இசைவேளாளர் குடும்பத்துப் பெண் மேடையேறினால் அது குலத்தொழில் என்று ஊர் தன்னைத் தேற்றிக்கொள்ளும். வசதியான குடும்பத்துப் பெண் போனால் அந்தத் தேறுதலுக்கும் வழியில்லை.

முதல் படம் ‘சதி அகல்யா’, 1937. சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் தயாரிப்பும் அதுவே. சுந்தரம் இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, ஆங்கிலேயப் பெண்ணை மணந்து திரும்பியவர். ஒரு ஆலை எப்படி ஓட வேண்டுமோ அப்படி ஸ்டூடியோவை ஓட்டினார். அகல்யையாகத் தவமணி. புராணக் கதை, முனிவரின் மனைவி, இந்திரனின் சூழ்ச்சி, கல்லாகிற சாபம். குடும்பத்தோடு பார்க்க எந்தத் தடையும் இல்லாத படம். ஆனால் படம் வெளிவருமுன்பே பேச்சாகிப்போனது வேறொன்று. நாயகி நீச்சலுடையில் நிற்கும் புகைப்படங்களை விளம்பரத்துக்குக் கொடுத்தார்கள் என்றும், அதைப் பார்த்துச் சென்னை அதிர்ந்தது என்றும் சினிமா வரலாறு எழுதியவர்கள் சொல்வார்கள். பதிவிரதை அகல்யையும் நீச்சலுடையும் ஒரே முகத்தில். சுந்தரம் கணக்குத் தெரிந்த மனிதர். தமிழ்நாட்டுக் குடும்பத்துப் பெண்ணை வைத்து இப்படி ஒரு விளம்பரம் செய்ய அன்று அவராலும் முடிந்திருக்காது. கடல் கடந்து வந்த பெண் என்றால் ஊரும் மன்னித்துவிடும், வாய் பிளந்தும் பார்க்கும்.

அங்கே தொடங்கியது அவருடைய முத்திரை. ‘சிங்களத்துக் குயில்’ என்று பட்டம் சூட்டினார்கள். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்துப் பெண், தமிழில் பேசி, தமிழில் பாடி, தமிழ்ப்படங்களில் நடித்தவர். அவரைச் சிங்களத்தவராக்கியது பொய்யென்று சுவரொட்டி அடித்தவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. இணுவில் குயில் என்று போட்டால் டிக்கெட் விற்காது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1940-இல் ‘சகுந்தலை’ வந்தது. சகுந்தலையாக எம். எஸ். சுப்புலட்சுமி, துஷ்யந்தனாக ஜி. என். பாலசுப்பிரமணியம், இயக்கம் தமிழ் தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன், தயாரிப்பு டி. சதாசிவம். அதில் தவமணிக்கு மேனகை வேடம். முனிவரின் தவத்தைக் கலைத்துப் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையைக் காட்டில் விட்டுவிட்டு மேலுலகம் போகிற அப்சரஸ். கதையில் எம்.எஸ். அவளுடைய மகள். வேடம் யாருக்கு எப்படிப் பங்கிடப்பட்டது என்று பாருங்கள். மதுரையில் தேவதாசி மரபில் வந்த வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகள், ஆசிரமத்துக் கன்னியாகிறார். அடுத்த சில ஆண்டுகளில் ‘மீரா’வாகி, நாடு கும்பிடும் உருவமாகிறார். எந்த ஆட்ட மரபிலும் பிறவாத யாழ்ப்பாணத்துப் பெண்ணோ தவம் கலைக்கும் தேவமங்கை ஆகிறார். எம்.எஸ்ஸின் மேன்மையில் எனக்குக் குறை காண ஒன்றுமில்லை. சினிமா தனக்கு வேண்டிய புனிதத்தையும் தனக்கு வேண்டிய மயக்கத்தையும் வெவ்வேறு பெண்களிடம் பிரித்துக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான். பிரிக்கும்போது இலங்கையாளுக்கு எந்தப் பங்கு என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு வந்த ‘வன மோகினி’யைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தவமணி தேவியை ஒரு தலைமுறை நினைவில் வைத்திருந்தது இந்தப் படத்தால்தான். 1936-இல் ஹாலிவுட்டில் ‘ஜங்கிள் பிரின்சஸ்’ என்ற படம் வந்து டோரதி லாமூர் என்ற நடிகையை உலகுக்குக் காட்டியது. காட்டில் வளர்ந்த பெண், மார்புக்கு மேல் வரிந்து கட்டிய சாரோங், அவிழ்ந்த கூந்தல், விலங்குகள் தோழர்கள். அந்தக் கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். இயக்கியவர் பம்பாயில் சண்டைப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த பகவான். பத்து ஆண்டுகள் கழித்து ‘அல்பேலா’ எடுத்து, ஆடி, இந்தியா முழுவதையும் ஆட வைத்த அதே பகவான் தாதா. இசையமைத்தவர் சி. ராம்சந்திரா. ‘அல்பேலா’ பாட்டுகளால் வடக்கை மயக்கிய அந்த இசையமைப்பாளரின் தொடக்கம் தமிழில் ‘ஜயக்கொடி’, ‘வன மோகினி’ என்ற இரண்டு படங்களில் என்பது நம்மவர்களுக்கே அதிகம் தெரியாது. கதாநாயகன் எம். கே. ராதா. சந்துரு என்ற யானைக்கும் படத்தில் பெரிய இடம்.

இத்தனை பேர் நடுவில் படம் தவமணியின் தோளில்தான் நின்றது. பாட வேண்டும், ஆட வேண்டும், யானையோடு பழக வேண்டும், அன்றைய தமிழ்நாயகிகள் யாரும் உடுத்தாத உடையில் வெட்கப்படாமல் நிற்க வேண்டும். இன்று நினைத்தால் எனக்குப் பெரிதாகத் தெரிவது உடை அல்ல, கடைசியில் சொன்ன அந்த வெட்கப்படாமைதான். அக்காலத் தமிழ்ப்பட நாயகிகள் நாடக மேடைப் பழக்கத்தில் கமராவுக்கு முன் விறைத்து நின்று பாடுவார்கள்; பாட்டு முடிந்ததும் அடுத்தவர் வசனத்துக்காகக் காத்திருப்பார்கள். உடம்பை ஒரு நடிப்புக் கருவியாக, நடக்கவும் ஓடவும் ஏறவும் குதிக்கவும் தெரிந்ததாகத் திரைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் அவர் ஒருவர். பெண் உடம்பு அசைந்தால் அதை ஆபாசம் என்று மட்டும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது பிடிபடவில்லை. பார்த்தவர்களோ திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்; கண்டித்தவர்களும் பார்த்துவிட்டுத்தான் கண்டித்திருப்பார்கள்.

இதே 1941-இல் ‘வேதவதி அல்லது சீதா ஜனனம்’ என்ற புராணப் படத்திலும் நடித்தார். 1945-இல் ‘பக்த காளத்தி’. புராணம், பக்தி, காடு என்று எல்லாவற்றையும் செய்தார். பெயர் நிலைத்தது காட்டில்.

1946-இல் ஜுபிடர் பட நிறுவனம் எடுத்த ‘வித்யாபதி’யில் வேறொரு தவமணியைக் காணலாம். ஏ. டி. கிருஷ்ணசாமி இயக்கிய அந்தப் படத்தின் நாயகன் முட்டைக் கண்ணை உருட்டிச் சிரிக்கவைக்கும் டி. ஆர். ராமச்சந்திரன். தவமணிக்கு தாசி மோகனாம்பாள் வேடம். அவள்மேல் மையல் கொண்டு அலைகிற பாகவதராக எம். என். நம்பியார்! பின்னாளில் கையைப் பிசைந்து கதாநாயகிகளைக் கடத்திக்கொண்டிருந்த நம்பியார் அன்று சிரிப்பு நடிகர். அவரை ஆட்டிவைத்துச் சிரிக்கவைக்கும் இடத்தில் தவமணியின் நகைச்சுவை நேரம் தப்பாமல் விழுகிறது. அழகிக்கு நகைச்சுவை வராது என்பது நம் சினிமாவின் பழைய மூடநம்பிக்கை. அது இங்கே பொய்த்தது. அடுத்த ஆண்டில் சென்னை மாகாணச் சட்டசபை பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. தாசி என்பவள் வீதியிலிருந்து போய்க்கொண்டிருந்த காலத்தில் திரையில் அவளுக்கு மவுசு ஏறிக்கொண்டிருந்தது.

இனி 1947. ஏப்ரலில் ஜுபிடரின் ‘ராஜகுமாரி’ வெளிவந்தது. இயக்கம் ஏ. எஸ். ஏ. சாமி, எழுத்தில் கைகொடுத்தவர் இருபத்திரண்டு வயது மு. கருணாநிதி, படமெடுத்தது கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில். பி. யு. சின்னப்பாவையும் டி. ஆர். ராஜகுமாரியையும் வைத்து எடுக்கலாம் என்று முதலில் பேச்சிருந்தது. மாதச் சம்பளத்தில் கம்பனியில் இருக்கிற ஆட்களே போதும் என்று சாமி சொல்லி, அதுவரை துணை வேடங்களில் வந்துகொண்டிருந்த எம். ஜி. ராமச்சந்திரனை முதன்முறையாகக் கதாநாயகனாக்கினார். நாயகி கே. மாலதி. நாயகனைக் கவர்ந்து தன்னிடமே வைத்துக்கொள்ள முனையும் அரசியாகத் தவமணி தேவி. அந்தப் படத்தில் ஊருக்குத் தெரிந்த முகம் யாருடையது என்றால் அவருடையதுதான்.

இந்தப் படத்தைப் பற்றி யார் எழுதினாலும் தவமணியின் உடையைப் பற்றி ஒரு பத்தி கட்டாயம் இருக்கும். அவர் தன் உடைகளைத் தானே வடிவமைத்தாராம், கழுத்து நன்றாக இறங்கிய மேற்சட்டையோடு தளத்துக்கு வந்தாராம், இயக்குநர் பதறிப்போனாராம். நடந்திருக்கலாம். எனக்குச் சலிப்பூட்டுவது அந்தக் கதை அல்ல, அதோடு எழுத்தை நிறுத்திக்கொள்ளும் பழக்கம். தன் வேடத்துக்குத் தானே உடை அமைத்த ஒரு நடிகை, 1947-இல், தமிழில்! இதையே ஒரு ஆண் செய்திருந்தால் தொழில் பக்தி என்று எழுதியிருப்பார்கள். பத்து ஆண்டுகள் பாடி, ஆடி, சிரிக்கவைத்தவரின் வரலாறு ஒரு சட்டையின் கழுத்தளவில் வந்து நிற்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ‘ராஜகுமாரி’யின் நாயகனும் இலங்கையில் பிறந்தவர். 1917-இல் கண்டிப் பக்கம் பிறந்து, தகப்பன் போனபின் தாயோடு இந்தியா போன பிள்ளை. திரையில் எதிரெதிரே நின்ற இருவரும் இந்தத் தீவின் பிள்ளைகள். ஆனால் எம்.ஜி.ஆரை யாரும் சிங்களத்துச் சிங்கம் என்று சுவரொட்டியில் போடவில்லை. அரசியலுக்கு வந்தபின் அவரை மலையாளி என்று ஏசினார்கள், அது வேறு கதை. அதையும் அவர் தாண்டினார். மொத்தத்தில் அந்தச் சினிமா உலகமே வெளியார் கூடிய சந்தைதான். அமெரிக்க டங்கன், மராட்டியப் பகவான், வங்காள ஒளிப்பதிவாளர்கள், தெலுங்குத் தயாரிப்பாளர்கள். அவர்களில் எவருக்கும் பிறந்த இடம் பெயரோடு ஒட்டிக்கொள்ளவில்லை. ஒரு பெண்ணுக்கு ஒட்டியது. உள்ளூர்ப் பெண்ணுக்கு மறுத்த சுதந்திரத்தை அந்த ஒட்டுச்சீட்டு அவருக்குக் கொடுத்தது, மறுக்கமாட்டேன். கூடவே, நாயகியாக வந்தவரை வில்லியாக்கி அனுப்பியதும் அதுதான்.

இந்த இடத்தில் காரைதீவில் பிறந்த நம் விபுலானந்த அடிகளை நினைக்காமல் போக முடியவில்லை. அவரும் அதே கடலைக் கடந்தவர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களை வைத்து நாடக இலக்கணம் பேசும் ‘மதங்க சூளாமணி’யை 1926-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். வாழ்நாள் ஆய்வான ‘யாழ் நூல்’ திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது 1947 ஜூனில், ‘ராஜகுமாரி’ வெளிவந்து இரண்டு மாதத்தில். ஜூலையில் அடிகள் மறைந்தார். அந்த நூல் எதிலிருந்து பிறந்தது? சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலிருந்து. ஆடல், பாடல், அழகு மூன்றிலும் தேர்ந்து பன்னிரண்டு வயதில் சோழன் அவையில் மேடையேறிய மாதவியின் கதையிலிருந்து. மாதவி எந்தப் பண்ணுக்கு ஆடினாள், அவளுக்கு வாசித்த யாழில் எத்தனை நரம்பு என்று ஆராய்ந்த ஈழத்துத் துறவியைத் தமிழ்நாடு ஊர்வலம் வைத்து வரவேற்றது. சரியான மரியாதை, அதில் குறையில்லை. ஆடலும் பாடலும் அழகுமாக அதே ஈழத்திலிருந்து வந்து நின்ற பெண்ணுக்குக் கிடைத்த வரவேற்பு வேறு மாதிரி. அடிகள் உயிரோடிருந்தபோது இருவரும் ஒரே மாகாணத்தில், ஒரே காலத்தில் இயங்கினார்கள். ஒருவரைப் பற்றிப் பேசிய வாய்கள் மற்றவரைப் பற்றி வேறு தொனியில் பேசின.

சரி, கடலைக் கடக்காமல் இங்கேயே நின்றிருந்தால்? அதற்கும் ஒரு உதாரணம் உண்டு, அதுவும் அதே ஆண்டில். நுவரெலியாப் பக்கம் றம்பொடையில் 1923 ஜனவரியில் ஒரு கொழும்புச் செட்டிக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த டெய்சி ராசம்மா டானியல்ஸ். பள்ளி வயதிலேயே சிங்கள மேடைக்கு வந்தார். 1930களின் இறுதியில் புத்தகயாவைப் போற்றும் பாட்டொன்றை இசைத்தட்டில் பாடினார். கிறிஸ்தவத் தமிழ்ப் பெண்ணின் குரலில் அந்தப் பௌத்தப் பாட்டு வெசாக் காலம் தோறும் ஒலித்தது. நீர்கொழும்பு ஜயமான்ன சகோதரர்களின் மினர்வா நாடகக் குழுவில் சேர்ந்து, அந்தக் குழுவின் எடி ஜயமான்னவை மணந்தார். ருக்மணி தேவி என்ற பெயரில் சிங்கள மேடையின் அரசியானார். மினர்வாவின் வெற்றி நாடகமான ‘கடவுணு பொறொந்துவ’வைப் படமாக்க முன்வந்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். எடுத்த இடம் மதுரை, சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோ. 1947 ஜனவரி 21-இல் கொழும்பில் திரையிட்ட அந்தப் படம்தான் முதல் சிங்களப் பேசும்படம்.

கதை இன்னும் சுவாரசியமாகிறது. அடுத்து ஏப்ரலில் இரண்டாவது சிங்களப் படம் ‘அசோகமாலா’ வந்தது. அது உருவானதும் கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில், ‘ராஜகுமாரி’ எடுத்த அதே வளாகத்தில். தயாரித்தவர் சித்தம்பலம் கார்டினர். அதில் பின்னணி பாடித் திரையுலகுக்கு வந்தவர் மொகிதீன் பெய்க். இவர் சேலத்தில் பிறந்த முஸ்லிம். இளம் வயதில் கொழும்புக்கு வந்து, பௌத்தப் பக்திப் பாடல்களால் சிங்கள மக்களின் வீட்டுப் பிள்ளையானவர். ருக்மணியோடும் சேர்ந்து பாடினார். இணுவில் பெண் சேலத்துக்குப் போய் அகல்யையானார், சேலத்துப் பையன் கொழும்புக்கு வந்து புத்தரைப் பாடினார்.

தவமணி தன் தாய்மொழி பேசுகிற ஊருக்குப் போனார், அந்நியராகவே இருந்தார். ருக்மணி பெயரையும் மொழியையும் மாற்றிக்கொண்டார், சொந்தமாகிவிட்டார். ருக்மணியைத் தமிழச்சி என்று சிங்கள ரசிகர்கள் ஒதுக்கவில்லை. 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்து ஊர் இரண்டான பிறகும் அவர் அவர்களுடைய ருக்மணிதான். அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை; ஆனால் டெய்சி ராசம்மாவாக அவர் நின்றிருந்தால் அது கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். தவமணியிடம் யாரும் எதையும் மாற்றச் சொல்லவில்லை. மாற்றுவதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. மொழி ஒன்று, மதம் ஒன்று, பாட்டு ஒன்று. ஒன்றாக இருப்பவரிடம் ஏதாவது வேற்றுமை வேண்டும் என்று ஒரு சந்தை நினைத்துவிட்டால், அந்த வேற்றுமையை அதுவே செய்து கொடுத்துவிடும்.

இருவரின் பிற்காலமும் வெவ்வேறு திசையில் போயின. ருக்மணி படங்கள் குறைந்தபின் மேடைக் கச்சேரிகளில் பாடிப் பிழைத்தார். 1978 அக்டோபர் 28, மாத்தறையில் ஒரு இசை நிகழ்ச்சியில் பாடிவிட்டு இரவோடிரவாகத் திரும்பி வரும்போது ஜா-எலவுக்குப் பக்கத்தில் துடெல்லவில் வாகன விபத்தில் இறந்தார். நீர்கொழும்பு வீதிகள் நிறைந்து வழிந்த இறுதி ஊர்வலம். இன்று அங்கே சிலை இருக்கிறது, ஆண்டுதோறும் நினைவு நிகழ்ச்சி நடக்கிறது.

தவமணி நாற்பதுகளின் முடிவோடு திரையிலிருந்து விலகத் தொடங்கினார். பிறகு இராமேஸ்வரத்துக் கோடிலிங்க சாஸ்திரியை மணந்து அந்தத் தீவிலேயே குடியிருந்தார். சாரோங்கும் யானையுமாகச் சுவரொட்டியில் நின்றவர் கோயில் ஊரில் ஒரு சாஸ்திரிகளின் மனைவி. சிலருக்கு இது பிராயச்சித்தக் கதையாகத் தெரிகிறது. அப்படிச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துணிந்து ஒரு வாழ்வைத் தேர்ந்தவர், அது முடிந்ததும் இன்னொன்றைத் தேர்ந்தார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இலங்கைக்குப் போகும் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்தே புறப்படலாயிற்று. 1980களில் அதுவும் நின்றது. 1983-க்குப் பிறகு அந்தக் கரையில் வந்து இறங்கியவர்கள் மன்னாரிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் படகேறிய அகதிகள். ஒரு காலத்தில் இந்தத் தீவிலிருந்து வந்த பெண் என்பதற்காகவே கூட்டம் கூடிப் பார்த்த தமிழ்நாடு, அந்தத் தீவிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் வந்தபோது அவர்களை மண்டபம் முகாமில் பதிவு செய்து உள்ளூர்களுக்கு அனுப்பியது. முகாம் கணக்கில் அவர்கள் இலங்கைத் தமிழர். நாற்பது ஆண்டுக்கு முன் வந்திருந்தால் அவர்களும் சிங்களத்துக் குயில்கள்தானோ என்னவோ.

2001 பெப்ரவரியில் தவமணி தேவி காலமானார். அவருக்குச் சிலை இல்லை, இணுவிலிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. ஈழத்துக் கலை வரலாறு எழுதுகிறவர்கள் அவரை இந்திய நடிகையாக எண்ணித் தள்ளிவிடுகிறார்கள்; தமிழ்நாட்டுச் சினிமா வரலாறோ அவரை இலங்கை நடிகை என்று ஒரு வரியில் முடிக்கிறது.

நம் பக்கம் என்ன ஆயிற்று என்று கேட்டால், களரி மெதுவாகத்தான் திறந்தது. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என்று மட்டக்களப்புக் கூத்தை நகர மேடைக்குக் கொண்டுபோனார். கூத்து கல்லூரிப் பாடமாகவும் ஆய்வுப் பொருளாகவும் ஆனபிறகுதான் பெண் பிள்ளைகள் அதற்குள் கால்வைக்க முடிந்தது. இன்று கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கும் பெண்கள் சலங்கை கட்டி வடமோடி ஆடுகிறார்கள். சீலாமுனைப் பக்கம் நடந்த கூத்து மீளுருவாக்க முயற்சிகளில் பெண்ணின் இடம் பற்றிய வாதமே ஒரு பகுதியாக இருந்தது. சில ஊர்களில் பழைய அண்ணாவிமாருக்கு இது இன்னும் மனம் ஒப்பாத விஷயம். பெண் பாட்டின் சுருதி ஆணின் தொண்டைக்கு ஏற்ப அமைந்தது, அதை எப்படி மாற்றுவது என்பது அவர்களின் ஒரு வாதம். சுருதியை மாற்றலாம். மற்ற வாதங்களை அவர்கள் அவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதில்லை.

கடல் கடந்த கதை இத்தோடு முடியவில்லை. 1939-இல் அமிர்தகழியில், மாமாங்கப் பிள்ளையாரின் மணியோசை கேட்கும் தூரத்தில் பிறந்த ஒரு பையன், புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்துத் தங்கப் பதக்கம் வாங்கினான். முதலில் மலையாளத்திலும், பிறகு கன்னடத்திலும், அதன்பிறகே தமிழிலும் நுழைந்தான். பாலு மகேந்திராவை எந்தச் சுவரொட்டியும் இலங்கைக்காரர் என்று விற்கவில்லை. ஆனால் அவர் படங்களின் வெளிச்சத்தில் வாவி இருக்கிறதா இல்லையா என்று நம்மூரில் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். அந்தச் சண்டையை அடுத்த இதழில் தொடுகிறேன்.

(தொடரும்)